லினக்ஸ் லெப்டொப் இழுக்கிறதா? கயிறு யார் கையில் என்று முதலில் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு ரியூஷன் வகுப்பில் 12 லெப்டொப்கள் இருக்கின்றன. எல்லாம் யாரோ பாவித்துக் கழித்தவை. எல்லாவற்றிலும் உபுண்டு போட்டு வைத்திருக்கிறோம். அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பது என் பொறுப்பு. பிள்ளைகள் கொண்டுவரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், இது இழுக்குது."

இழுக்கிற கம்ப்யூட்டருக்கு ஊரெல்லாம் சொல்லும் மருந்தும் ஒன்றுதான்: கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கு. கவர்னர் என்பது சிபியு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் விதி. முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். பெரும்பாலும் ஒன்றும் மாறவில்லை. காரணம், சிபியுவின் வேகத்தை லினக்ஸின் மையமான கெர்னல் தனியாகத் தீர்மானிப்பதில்லை. அடியில் சில்லும், மதர்போர்டிலேயே இருக்கும் பயோஸ் மென்பொருளும் இருக்கின்றன. நடுவில் கெர்னல். மேலே டிஎல்பி போன்ற மின்சேமிப்புச் சேவைகள். ஒரு வண்டில் மாட்டின் கயிற்றை மூன்று பேர் பிடித்திருப்பது போல. அடியில் நிற்பவர் இழுத்துப் பிடித்தால், மேலே இருப்பவர் எவ்வளவு சாட்டை அடித்தாலும் மாடு நகராது. ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் தேடுவது கயிறு யார் கையில் என்பதைத்தான். மாற்றுவது அப்புறம்.

கோப்புப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நாம் அடிக்கடி போகப்போகும் இடம் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/சிபியு0/சிபியுஃப்ரீக் என்ற அடைவு. இதை இனிமேல் 'சிபியுஃப்ரீக் அடைவு' என்கிறேன். அங்கே வேகமெல்லாம் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 800000 என்றால் 800 மெகாஹெர்ட்ஸ்.

இன்னொன்று. அங்கே எதையாவது எழுதப் போய் 'பெர்மிஷன் டினைட்' வாங்காதவர் இல்லை. 'சுடோ எக்கோ' என்று தொடங்கி '>' குறி போட்டு எழுதினால் ரூட் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான் கிடைக்கும். கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்கு அதிகாரம் இல்லை. எக்கோவை ஒரு பைப் வழியாக 'சுடோ டீ' கட்டளைக்கு அனுப்புங்கள், வேலை முடியும். 'இன்வாலிட் ஆர்கியுமென்ட்' என்று வந்தால் கதை வேறு: சிபியு வேகத்தைக் கையாளும் டிரைவருக்குத் தெரியாத பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள்.

அறிகுறி 1: எந்த வேலை கொடுத்தாலும் 800 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை

முதலில் ஒரு விசயம். சும்மா இருக்கிற சிபியு 800இல் நிற்பது நோய் இல்லை, அதுதான் ஆரோக்கியம். ஒரு சில்லின் மின் செலவு வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தலா 20 வீதம் குறைத்தால் செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். கெர்னல் வேகத்தைக் குறைக்க இவ்வளவு ஆசைப்படுவது அதனால்தான். எனவே வேலை கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். 'யெஸ்' கட்டளையின் வெளியீட்டை /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிட்டு, இன்னொரு ஜன்னலில் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பின் மெகாஹெர்ட்ஸ் வரிகளைப் பாருங்கள். சிபியுவுக்குள் இருக்கும் கோர்களில் ஒன்றாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

சிபியுஃப்ரீக் அடைவில் 'ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்', 'சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக்' என்று இரண்டு கோப்புகள் உண்டு. இரண்டாவது சில்லின் உச்சம். முதலாவது இப்போது அனுமதிக்கப்பட்ட உச்சம். முதலாவது குறைவாக இருந்தால் பெரும்பாலும் மேலே இருக்கிற யாரோ எழுதிவிட்டார்கள். அறிகுறி 3க்குப் போங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தும் வேகம் ஏறாவிட்டால் கயிறு கீழே இருக்கிறது.

அதற்கு முன் 'ஸ்கேலிங்_டிரைவர்' கோப்பையும் வாசியுங்கள். ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இது. 'ஏசிபிஐ-சிபியுஃப்ரீக்' என்று இருந்தால் 'பவர்சேவ்' கவர்னர் பெயருக்கேற்றபடி நடக்கும்: அனுமதித்த அடிமட்ட வேகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது 'ஸ்கேலிங்_கவர்னர்' கோப்பில் 'ஷெடியூட்டில்' அல்லது 'ஆன்டிமாண்ட்' என்று எழுதுங்கள். ஷெடியூட்டில் 2016இல் கெர்னல் 4.7உடன் வந்தது. எந்தக் கோரில் எவ்வளவு வேலை என்று, வேலைகளைப் பங்கிடும் ஷெடியூலருக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கணக்கை வைத்தே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் 'இன்டெல்_பிஸ்டேட்' என்று இருந்தால் பெயர்களை நம்பாதீர்கள். அது வழமையான முறையில் ஓடும்போது இரண்டே கவர்னர்கள்: பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ். அங்கே பவர்சேவ் என்பது அடிமட்டத்தில் நிற்பது இல்லை. வேலைக்கேற்ப ஏறி இறங்குவதுதான். பெயர் வைத்தவரைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்க எனக்கு இன்னும் ஆசை. ஷெடியூட்டில் பட்டியலில் இல்லையே என்று தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து வேகத்தைத் தெரிவு செய்வதே பெரும்பாலும் சில்லுதான். கெர்னல் காதில் ஒரு சாடை சொல்வதோடு சரி. அந்தச் சாடை 'எனர்ஜி_பெர்ஃபார்மன்ஸ்_பிரிஃபரன்ஸ்' என்ற கோப்பில் இருக்கிறது. அது 'பவர்' என்று இருந்தால் 'பேலன்ஸ்_பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிப் பாருங்கள். கவர்னரை மாற்றுவதைவிட இது அடிக்கடி பலன் தருகிறது.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் 400இலோ 800இலோ நிற்கிறதா? சிபியுஃப்ரீக் அடைவில் 'பயோஸ்_லிமிட்' என்ற கோப்பு இருந்தால் வாசியுங்கள். அது உச்சத்தைவிடக் குறைவாக இருந்தால் பயோஸ் கெர்னலிடம் 'இதற்கு மேல் போகாதே' என்று சொல்லியிருக்கிறது.

அந்தக் கோப்பு இல்லை, சூடும் இல்லை, இருந்தும் ஆமை வேகம் என்றால் நான் நேராகச் சார்ஜரைப் பார்ப்பேன். இன்டெல் சில்லுகளில் 'ப்ராக்ஹாட்' என்று ஒரு மின்கம்பி உண்டு. சில்லு கொதித்தால் அது வெளியே அறிவிப்பதற்கு. அதே கம்பியில் மதர்போர்டும் உள்ளே அறிவிக்கலாம்: 'எனக்குப் பிரச்சினை, நீ அடங்கு.' அப்போது சில்லு கேள்வி கேட்காமல் அடிமட்டத்துக்குப் போய்விடும். கெர்னல் என்ன எழுதினாலும் செல்லாது.

எங்கள் வகுப்பில் ஒரு லெப்டொப் இரண்டு கிழமை இப்படிக் கிடந்தது. 46 பாகைச் சூடு, 798 மெகாஹெர்ட்ஸ். உபுண்டுவைத் திரும்பவும் போட்டேன், கெர்னலை மாற்றினேன், நடக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் கரண்ட் போனது. அந்த லெப்டொப் மட்டும் திடீரென்று பறக்கத் தொடங்கியது! அதை வைத்திருந்த பிள்ளைதான் சொன்னாள்: "சேர், வயரைக் கழட்டினாலும் இப்பிடித்தான் ஓடும்." அவளுக்கு அது முன்பே தெரியும். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். பழைய சார்ஜர் செத்ததும் யாரோ வேறொன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். சில வகை லெப்டொப்களில் சார்ஜரின் நடு ஊசி வழியாக அது எத்தனை வாட் என்ற அடையாளம் போகும். அடையாளம் கிடைக்காவிட்டால் மதர்போர்டு பயந்து கயிற்றை இழுத்துப் பிடித்துவிடும். ஊசி வளைந்திருந்தாலும் இதே கதைதான். சார்ஜரை மாற்றினோம், வழக்கு முடிந்தது.

இந்தக் கம்பியை மென்பொருளால் துண்டிக்கும் வழியும் உண்டு. காரணம் தெரியாமல் செய்யாதீர்கள். உண்மையாகவே சூடாகிக் கத்துகிற மதர்போர்டின் வாயைப் பொத்துகிற வேலை அது.

அறிகுறி 2: பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு சோர்கிறது

சூடு. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது எங்கள் வகுப்பறையில் மதியம் மனிதருக்கே மூச்சு முட்டும். லெப்டொப்பை என்ன சொல்வது. உள்ளே இழுக்கிற காற்றே அனலாக இருந்தால் ஃபேன் சுற்றி என்ன பயன். போதாக்குறைக்குக் கடற்கரை உப்புக்காற்றும் புழுதியும் சேர்ந்து ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் தகடுகளில் பாய் போல விரிந்துவிடும்.

ஊகிக்க வேண்டாம், எண் இருக்கிறது. /சிஸ்/கிளாஸ்/தெர்மல் அடைவில் ஒவ்வொரு வலயத்துக்கும் 'டெம்ப்' என்ற கோப்பு உண்டு. 97000 என்றால் 97 பாகை. அத்தோடு சிபியு0 அடைவுக்குள் 'தெர்மல்_திராட்டில்' என்ற அடைவைத் திறந்து 'கோர்_திராட்டில்_கவுண்ட்' எண்ணைப் பாருங்கள். இன்டெல் இயந்திரங்களில், சூட்டால் எத்தனை தடவை வேகம் வெட்டப்பட்டது என்ற கணக்கு அது. பாரம் கொடுக்கும்போது ஏறிக்கொண்டே போனால் வேறு சாட்சி தேவையில்லை.

மருந்து: முதலில் திறந்து துப்புரவாக்குங்கள், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். மென்பொருளில் தொடங்குவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற கதை. துப்புரவாக்கிய பிறகும் கச்சான் காலத்தில் தாங்காவிட்டால் டர்போவை, அதாவது சில்லு வழமையான வேகத்துக்கு மேல் பாய்வதை, நிறுத்தலாம் (பூஸ்ட் என்பதும் இதுதான்): /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு அடைவுக்குள் 'இன்டெல்_பிஸ்டேட்' அடைவில் 'நோ_டர்போ' கோப்பில் 1 எழுதுங்கள். மற்ற டிரைவரில், அதே இடத்தில் உள்ள 'சிபியுஃப்ரீக்/பூஸ்ட்' கோப்பில் 0. வேகத்தைக் குறைத்து எப்படி வேகம் வரும் என்று கேட்பார்கள். உச்சத்துக்குப் பாய்ந்து, கொதித்து, அடிமட்டத்துக்கு விழுந்து, திரும்பவும் பாய்கிற இயந்திரத்தைவிட நடுவே ஒரே சீராகப் போகிற இயந்திரம் முந்திப் போகும். பிள்ளைகளுக்கும் எரிச்சல் வராது.

அறிகுறி 3: மாற்றி வைத்தேன், திரும்பப் பழையபடி ஆகிவிட்டது

எப்போது பழையபடி ஆனது? இதற்கு மறுமொழி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மறுதொடக்கத்துக்குப் பிறகு என்றால் அது கோளாறே இல்லை. /சிஸ் என்பது வட்டில் இருக்கும் கோப்புகள் அல்ல. கெர்னல் நினைவிலிருந்து காட்டுகிற ஜன்னல். நிரந்தரமாக வேண்டுமென்றால், சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் 'டிஎம்பிஃபைல்ஸ்' விதியிலோ ஒரு சின்ன சேவையிலோ எழுதி வையுங்கள்.

சில நிமிடங்களில், அல்லது சார்ஜரைச் செருகும்போது, கழற்றும்போது என்றால் மேலே ஒரு மேய்ப்பர் இருக்கிறார். டிஎல்பி, பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன், ஆட்டோ-சிபியுஃப்ரீக் என்று மூன்று பேர் வழமையாக மாட்டுவார்கள். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் ஓடினால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். எது நல்லது என்று சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. டெஸ்க்டொப்பின் மெனுவில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பவர்-ப்ரொஃபைல்ஸ் போதும், கோப்பில் எழுதுகிறவருக்கு டிஎல்பி.

2022இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் இந்த அறிகுறியோடு நான் நிறையப் பழகினேன். கரண்ட் போனதும் எல்லா லெப்டொப்பும் ஒன்றாகப் படுத்துவிடும். டிஎல்பியில் ஏசிக்கு ஓர் அமைப்பு, பற்றரிக்கு ஓர் அமைப்பு என்று இரண்டு உண்டு. பற்றரி அமைப்பில் பூஸ்டை நிறுத்தி, உச்சத்தையும் யாரோ வெட்டி வைத்திருந்தார்கள். அந்த யாரோ, முந்தைய வருடத்து நான்தான். பூஸ்டை மட்டும் நிறுத்தி உச்சத்தை விட்டுவிட்டேன். பற்றரியும் பரவாயில்லாமல் நின்றது, வகுப்பும் நடந்தது.

அப்படியும் இரண்டு மட்டும் பற்றரியில் தவழ்ந்தன. /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0 அடைவில் 'எனர்ஜி_ஃபுல்' எண்ணை 'எனர்ஜி_ஃபுல்_டிசைன்' எண்ணோடு ஒப்பிட்டேன். கால்வாசிதான் மிச்சம். இவ்வளவு தேய்ந்த பற்றரியால் திடீர் உச்சத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாது. அதனால் பயோஸ் சில்லை அடக்கி வைத்திருந்தது. கயிறு திரும்பவும் கீழே.

அறிகுறி 4: மவுஸ், டாங்கிள், பார்கோட் வாசிப்பான் சற்று நேரத்தில் உறங்கிவிடுகிறது

யுஎஸ்பி கருவி சும்மா இருந்தால் அதை உறங்க வைப்பதற்குக் கெர்னலில் வசதி இருக்கிறது. ஆனால் ஹப் தவிர்ந்த கருவிகளுக்குக் கெர்னல் அதைப் பொதுவாகத் தானாகத் தொடக்குவதில்லை. ஆகவே உங்கள் மவுஸ் உறங்கினால் யாரோ தாலாட்டுப் பாடியிருக்கிறார்கள்: பெரும்பாலும் டிஎல்பி, அல்லது மின்செலவைக் காட்டும் பவர்டாப்பை 'ஆட்டோ-டியூன்' என்று ஓட்டிய நீங்களே.

/சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ் அடைவில் அந்தக் கருவியைக் கண்டுபிடித்து 'பவர்/கன்ட்ரோல்' கோப்பை வாசியுங்கள். 'ஆட்டோ' என்றால் உறங்கலாம், 'ஆன்' என்றால் எப்போதும் விழித்திருக்கும். 'ஆன்' என்பதை 'மின்சேமிப்பு ஆன்' என்று நினைத்து மாற்றிப் போடுகிறவர்கள் பலர். அர்த்தம் நேர் எதிர். 'ஆன்' எழுதியதும் தொந்தரவு போனால், கருவியின் அடையாள எண்ணை எடுத்து டிஎல்பியின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். எல்லா யுஎஸ்பி உறக்கத்தையும் ஒரேயடியாக நிறுத்த 'யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1' என்ற கெர்னல் அளவுரு இருக்கிறது. ஒரு மவுஸுக்காக அதைப் போடுவது எனக்குப் பிடிக்காது.

இதன் தம்பி ஒருவர் உண்டு: பாட்டு நின்று சில விநாடியில் ஸ்பீக்கர் 'டக்' என்கிறது. ஒலிச் சில்லு உறங்கப் போகிற சத்தம். 'எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல்' தொகுதியின் 'பவர்_சேவ்' அளவுருவை 0 ஆக்குங்கள், தீர்ந்தது. வைஃபை விட்டுவிட்டு வந்தால் 'ஐடபிள்யூ' கட்டளையால் 'பவர்_சேவ் ஆஃப்' செய்து பாருங்கள்.

அறிகுறி 5: மூடி வைத்த லெப்டொப், காலையில் பற்றரி காலி

'கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' என்று தட்டுங்கள். 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற இரண்டில் எதைச் சுற்றிச் சதுர அடைப்பு இருக்கிறதோ அதுதான் நடப்பில் இருப்பது. டீப் என்றால் நினைவகத்துக்கு மட்டும் மின் கொடுத்து மற்றதையெல்லாம் நிறுத்துவது. எஸ்2ஐடில் என்றால் எல்லாரும் அரைக்கண் மூடி இருப்பது. ஒருவர் விழித்திருந்தாலும் இரவு முழுக்கப் பற்றரி வடியும். இரண்டும் பட்டியலில் இருந்தால் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்று, கெர்னலைத் தொடக்கும் கிரப்பின் வரியில் சேர்த்துச் சோதியுங்கள்; விழிக்கும்போது திரை வருகிறதா என்றும் பாருங்கள். டீப் பட்டியலிலேயே இல்லாவிட்டால் பயோஸ் அதை வழங்கவில்லை. கெர்னலோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அப்படியான இயந்திரத்தை நான் இரவில் நிறுத்தியே விடுகிறேன். 30 விநாடியில் எழும்புகிற கம்ப்யூட்டருக்கு இதற்கு மேல் மெனக்கெடுவானேன்.

பைக்குள் வைத்ததும் தானாக விழித்துச் சூடாகிறதென்றால் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் பட்டியலில் யார் யார் 'இனேபிள்ட்' என்று பாருங்கள். கருவியின் பெயரை அதே கோப்பில் எழுதினால் நிலை மாறும்.

அறிகுறி 6: வேலை செய்யும்போது ஒன்றுமில்லை, சும்மா விட்டால் உறைகிறது

இது விசித்திரமான நோய், லொக் பதிவுகளிலும் ஒரு தடயம் இருக்காது. வேலையில்லாத கோரைக் கெர்னல் படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பும். அவற்றுக்கு சி-நிலைகள் என்று பெயர். சில தலைமுறைச் சில்லுகள் ஆழத்தில் போய் எழும்புவதில்லை. இன்டெலின் பே டிரெயில் குடும்பமும், ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசனும் இதற்குப் பேர்போனவை. முதலாவதுக்கு 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்ற அளவுரு. பற்றரி சீக்கிரம் தீரும், ஆனால் உறையாது. ரைசனுக்குப் பயோஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல் கரண்ட் ஐடில்' ஆக்குங்கள். பாரம் கொடுக்கும்போது உறைந்தால் இது அல்ல. நினைவகத்தையோ சூட்டையோ பாருங்கள்.

அறிகுறி 7: ராஸ்பெரி பை, திரையில் மின்னல் குறி

அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் செய்கிற என் மச்சான் ஒருவன் வாடியில் ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரும் கமராவும் பூட்டி வைத்திருக்கிறான், யானை பார்க்க. ஒரு நாள் எடுத்துச் சொன்னான்: "பகல் முழுக்க நல்லா ஓடுது. ராவானா படுத்திருது. யானை வாறதே ராவிலதானே மச்சான்!"

அவனும் கவர்னரில்தான் கை வைத்திருந்தான். 'விசிஜென்சிஎம்டி கெட்_திராட்டில்ட்' என்று தட்டச் சொன்னேன். 50005 என்று வந்தது. அது பதினாறடிமான எண். கடைசி 5இல் இரண்டு செய்தி: இப்போது மின்னழுத்தம் குறைவு, இப்போது வேகம் வெட்டப்பட்டிருக்கிறது. முன்னால் இருக்கும் 5, தொடங்கியதிலிருந்து இவை நடந்திருக்கின்றன என்பது. 50000 என்று மட்டும் வந்தால் முன்பு நடந்தது, இப்போது இல்லை. மின்னழுத்தம் 4.63 வோல்ட் அளவுக்குக் கீழே போனால் திரையில் அந்த மின்னல் குறி வரும், பை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும், 1.5 கிகாஹெர்ட்ஸ் 600 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும்.

பகலில் ஏன் இல்லை? கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் இருட்டினால்தான் எரியும், அவையும் அதே வயரிலிருந்துதான் மின் எடுத்தன. பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். அவன் பூட்டியிருந்தது ஒரு பழைய போன் சார்ஜரும், வாடியின் அடுத்த மூலை வரை நீண்ட மெல்லிய வயரும். அந்த நீளத்தில் அரை வோல்ட் இறங்குவது ஒன்றும் பெரிய விசயமில்லை. தடித்த, குட்டையான வயரும் ஒழுங்கான மின்வழங்கியும் வாங்கச் சொன்னேன், விளக்குகளுக்குத் தனி வயர். கவர்னரை 'ஆன்டிமாண்ட்' ஆகவே திரும்ப வைத்தோம்.

அடுத்த இரவு கட்டளையை ஓட்டியபோது 0 வந்தது. விடிய ஐந்தரைக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான்: வாய்க்கால் கட்டில் ஒரு பெரிய கறுப்பு முதுகு, அதற்குப் பின்னால் ஒரு சின்ன முதுகு.